ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் பின்பக்கத்தில் ஏழாவது அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. எது டெல்லிக்கு, எது மாநிலத்துக்கு, எது இருவருக்கும் பொது என்று பிரித்துக் காட்டும் பாகப்பிரிவினைப் பத்திரம். பத்திரம் எழுதுகிறவர் 'வடக்கே இன்னார் கொல்லை, கிழக்கே வாய்க்கால்' என்று செக்குபந்தி போடுவதுபோல, வரிசை எண் போட்டு எழுதியிருக்கிறார்கள். டெல்லிக்கான பட்டியலில் அடுத்தடுத்து வரும் மூன்று வரிகளை வேதாரண்யத்துக்காரர் யாராவது படித்தால் கொஞ்சம் திகைத்துத்தான் போவார். 56: மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறுகள். 57: கடல் எல்லைக்கு அப்பால் மீன்பிடிப்பு. 58: உப்பு.

அவர் ஊரே அந்த மூன்று வரிக்குள் முடிந்துவிடுகிறது. காவிரியில் எல்லோரும் பாய்ச்சிக்கொண்டது போக மிச்சம் வந்தால் உண்டு என்கிற கடைமடை அது. ஆறுகாட்டுத்துறையிலிருந்தும் புஷ்பவனத்திலிருந்தும் கோடியக்கரையிலிருந்தும் போகிற படகுகள் எந்தக் கோட்டைத் தாண்டின, எதைத் தாண்டவில்லை என்கிற வழக்கு தீர்ந்தபாடில்லை. அகஸ்தியன்பள்ளி, கோடியக்காடு, கடினல்வயல் பக்கம் ஏறக்குறைய 9,000 ஏக்கரில் உப்பு விளைகிறது. ஆறு, கடல், உப்பு மூன்றும் டெல்லிக்கு. நெல் மட்டும் மாநிலத்துக்கு. வேளாண்மை மாநிலப் பட்டியலில் 14-வது வரி. ஆக, ஒரு வரப்புக்கு மேற்கே நிற்கிறவன் ஒரு சர்க்காரின் குடி, கிழக்கே பாத்தியில் நிற்கிறவன் இன்னொரு சர்க்காரின் குடி.

சித்திரை வெயிலில் அகஸ்தியன்பள்ளி அளத்துக்குப் போயிருந்தேன். மொட்டை வெயில் மேலேயிருந்து அடிப்பது போதாதென்று கீழே பாத்தியிலிருந்தும் அடிக்கிறது. கண்ணை இடுக்கிக்கொண்டுதான் நிற்க வேண்டும். கணுக்காலுக்கு மேல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நீளக் கம்பில் பொருத்திய பலகையால் ஓர் அம்மாள் உப்பை வாரிக் கரையோரம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் சரக்கென்று ஒரு சத்தம், கண்ணாடித் தூளைக் கூட்டிப் பெருக்குவதுபோல. அறுபதைத் தாண்டியிருக்கும். "இது யார் இடம்மா?" என்று கேட்டேன்.

"சர்க்காரு இடம் தம்பி. குத்தகைக்கு எடுத்துருக்காக."

"எந்த சர்க்கார்?"

"மேல சர்க்காரு" என்று பலகையை நிறுத்தாமலே சொன்னார். கையைக் காட்டியது வடக்கே.

உப்பளத்தில் ஒரு பகுதி மத்திய அரசின் உப்புத் துறைக்குச் சொந்தம். சட்டப் புத்தகத்தைத் திறக்காமலே 58-வது வரியை அந்த அம்மாள் சரியாகச் சொல்லிவிட்டார். இந்தக் கட்டுரை, அந்த வரியை எழுதினது யார், அவர்களை அங்கே அனுப்பினது யார் என்று கேட்கப் போய் நீண்டுவிட்டது. ஒரு நாடோ ஒரு மாநிலமோ தனக்கான சட்டத்தைத் தானே எழுதிக்கொள்ள ஒரு சபையைத் தேர்ந்தெடுக்கிறதே, அது எப்போது நிலைக்கிறது, எப்போது கவிழ்கிறது? இந்தக் கேள்விக்கு வேதாரண்யத்தைவிடத் தோதான ஊர் தமிழ்நாட்டில் கிடையாது என்பது என் எண்ணம். காரணம் வெறும் உப்பு மட்டும் இல்லை.

மரக்கிளையில் தொங்கிய சோறு

1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் நூறு பேருக்குச் சற்றுக் குறைவாகத் தொண்டர்கள் கிளம்பினார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக நூற்றைம்பது மைல். மாத முடிவில், 30-ம் தேதி அதிகாலையில், அகஸ்தியன்பள்ளியில் உப்பை அள்ளினார்கள். ராஜாஜி கைதானார். இதெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. பாடத்தில் பாதியாக வருவது, தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் போட்ட உத்தரவு. தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ படுக்க இடம் கொடுத்தாலோ ஆறு மாதம் சிறை என்று தண்டோரா. கும்பகோணத்தில் இடம் கொடுத்த பந்துலு ஐயர் அப்படித்தான் சிறைக்குப் போனார். டெல்டாக்காரர்கள் உத்தரவை எழுத்துப் பிசகாமல் மதித்தார்கள்: யாருக்கும் சோறு போடவில்லை. பொட்டலமாகக் கட்டி வழியோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள், அவ்வளவுதான்.

வேதாரண்யத்தில் தொண்டர்களை எதிர்கொண்டு தங்கவைத்தவர் உப்பு வியாபாரி வேதரத்தினம் பிள்ளை. 'சர்தார்' என்பது பிறகு சேர்ந்த பட்டம். உப்பில் பிழைத்தவரே உப்புச் சட்டத்தை மீறக் கூப்பிட்டார், சொத்தை இழந்தார், உள்ளே போனார். 1946-ல் அவர் தொடங்கிய கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலம் இன்றும் அங்கே நடக்கிறது. வைரப்பன் என்ற முடிதிருத்தும் தொழிலாளி, தன் முன்னால் உட்கார்ந்திருந்தவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் கத்தியை மூடிவிட்டுச் சிறைக்குப் போன கதையை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சோற்றைத் தொங்கவிட்ட அந்தக் கைகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பதினாறு வருஷம் கழித்து அரசமைப்பு எழுத ஆள் அனுப்பியபோது அந்தக் கைகளில் மிகப் பலவற்றுக்கு வாக்கே கிடையாது.

28 பேரின் சபை

வயது வந்த எல்லோரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அரசமைப்பு நிர்ணய சபை வேண்டும் என்று 1939 நவம்பரில் கேட்டவர் அதே ராஜாஜிதான். சென்னை மாகாணப் பிரதமர் பதவியை (அப்போது முதல்வருக்கு அதுதான் பெயர்) அதற்கு முந்தின மாதம்தான் துறந்திருந்தார். எம்.என். ராய் 1934-லிலேயே இந்த யோசனையைச் சொல்லியிருந்தார். 1936-ல் காங்கிரஸ் தன் கோரிக்கையாக்கிக்கொண்டது. 1946-ல் பிரிட்டன் அனுப்பிய கேபினட் மிஷன் மூலம் வந்து சேர்ந்தது அந்தச் சபை இல்லை. வேறொன்று.

மாகாணச் சட்டசபைகள் தங்களுக்குள் வாக்களித்து ஆள் அனுப்ப வேண்டும். பத்து லட்சம் பேருக்கு ஒருவர். அந்தக் கணக்கில் சென்னை மாகாணத்துக்கு 49 இடம்: பொது 45, முஸ்லிம்களுக்கு 4. அந்தச் சட்டசபைகளோ 1935 சட்டத்தின்படி சொத்து, வரி, படிப்பு பார்த்து வாக்குரிமை கொடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. வயது வந்தவர் நூறு பேரில் 28 பேருக்கு வாக்கு இருந்தால் அதிகம். அளத்தில் பலகை இழுத்தவருக்கும் பண்ணையாளுக்கும் வாக்கு எட்டாத தூரம். ராஜாஜி 1939-ல் கேட்டது ரூபாய் என்றால் 1946-ல் கிடைத்தது கால் ரூபாய். அதில்தான் நாம் கடை போட்டோம்.

1946 டிசம்பர் 9 அன்று கூடியபோது வந்திருந்தவர்கள் 207 பேர். முஸ்லிம் லீக் வரவே இல்லை. சென்னையிலிருந்து போனவர்களில் வேதாரண்யத்து உப்போடு சம்பந்தப்பட்டவர்கள் மூன்று பேரைச் சட்டென்று சொல்லலாம். ராஜாஜி கொஞ்ச காலம்தான் இருந்தார், மேற்கு வங்காள கவர்னராகிப் போய்விட்டார். உப்புப் போராட்டத்துக்காக இரண்டு வருஷச் சிறைத்தண்டனை பெற்று, 1931-ல் முன்கூட்டியே விடுதலையான காமராஜர் ஒருவர். மூன்றாமவர் கே. சந்தானம். யாத்திரையில் கலந்துகொண்டு சிறை சென்றவர். பிற்காலத்தில் ஊழல் தடுப்புக் கமிட்டி என்றால் நினைவுக்கு வருகிற அதே சந்தானம்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தவர் இந்த மூன்றாமவர்தான். தேசம் இரண்டாகப் பிளந்து ஒரு வாரம்கூட ஆகாத 1947 ஆகஸ்டில், சபை முழுக்க 'மத்திய அரசு பலமாக வேண்டும்' என்று ஒரே குரலாக இருந்த நேரத்தில், சந்தானம் எழுந்து நின்று வேறு கணக்குச் சொன்னார். அதிகாரங்களை அள்ளி அள்ளி மத்தியில் குவித்தால் அது பலமாகிவிடும் என்று நினைப்பது ஒரு மயக்கம். எல்லாச் சுமையையும் தூக்கிக்கொண்டால் அதுவே அதற்குப் பலவீனம். வருவாயை இப்படிப் பங்கு வைத்தால் மாகாணங்கள் மத்தியின் வாசலில் கையேந்தி நிற்கும் என்றார். காங்கிரஸ்காரர், காங்கிரஸ் சபையில், காங்கிரஸ் கருத்துக்கு எதிராக. யாரும் அவரை வெளியே அனுப்பவில்லை. அவர் சொன்னதை ஏற்கவும் இல்லை. உப்பு, வெள்ளைக்காரன் 1935-ல் எழுதிய மத்தியப் பட்டியலிலிருந்து நம்முடைய பட்டியலுக்கு இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. 1947-ல் உப்பு வரி போனது. உப்பு டெல்லியிலேயே இருந்துவிட்டது.

அந்தச் சபை செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்லியாக வேண்டும். தேர்தல் குறைபாட்டை ஆட்களைச் சேர்ப்பதில் கொஞ்சம் ஈடுகட்டினார்கள். காங்கிரஸைக் கிழித்துத் தொங்கவிட்ட அம்பேத்கர் வங்காளத்திலிருந்து வந்திருந்தார். பிரிவினையில் அந்த இடம் போனதும் பம்பாயிலிருந்து திரும்ப வரவழைக்கப்பட்டு, 1947 ஆகஸ்ட் 29 அன்று அமைந்த வரைவுக் குழுவுக்குத் தலைவரானார். சென்னையிலிருந்து வந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் என். கோபாலசாமி ஐயங்காரும் காங்கிரஸ்காரர்கள் இல்லை. வரைவுக்கு வந்த திருத்தங்கள் 7,635. அவற்றில் 2,473 சபையில் முன்வைக்கப்பட்டன. ஏறக்குறைய மூன்று வருஷம் இழுத்தது. சண்டை போட்டவர்களில் பலரும் கடைசியில் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆனால் உள்ளே இருந்தவர்களின் சண்டை அது. வெளியே இருந்தவர்களின் சண்டை தஞ்சாவூருக்கு வந்து சேர எட்டு வருஷம் ஆனது. மக்கள் தேர்ந்தெடுக்காத சபை எழுதியது, சாதியைப் பாதுகாக்கிறது என்று சொல்லிவந்த பெரியார், 1957 நவம்பர் 3 அன்று தஞ்சாவூரில் திராவிடர் கழகத்தின் தனி மாநாட்டைக் கூட்டினார். நவம்பர் 26-ல் சாதியைக் காக்கும் பிரிவுகளைக் கொளுத்துவது என்று அங்கே முடிவானது. அவசர அவசரமாக, மூன்று வருஷம் வரை சிறை என்று ஒரு சட்டம் வந்தது. கொண்டுவந்தது காமராஜர் ஆட்சி. அந்த 49 பேரில் ஒருவர், பெரியார் 'பச்சைத் தமிழர்' என்று கொண்டாடியவர். ஆயிரக்கணக்கில் உள்ளே போனார்கள், டெல்டா கிராமங்களிலிருந்து நிறையப் பேர். சிலர் சிறையிலேயே உயிர்விட்டார்கள். உப்பள்ளப் போனவர்களுக்கு இருக்கிற மாதிரி இவர்களுக்கு வழிநெடுக ஸ்தூபிகள் இல்லை.

தஞ்சாவூர்க்காரர் எழுதிக்கொடுத்த சலுகை

தேசத்துக்கு ஒரு சபை என்றால் மாநிலத்துக்கு? இன்று நினைத்தால் விசித்திரமாகத் தெரியும்: 1947, 48-ல் மாநிலங்களுக்குத் தனித்தனி அரசமைப்பு என்பது சாதாரணப் பேச்சு. சமஸ்தானங்கள் தங்கள் அரசமைப்பைத் தாங்களே எழுதிக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். மைசூரில் ஒரு சபை கூடியது. சௌராஷ்டிரத்தில் ஒன்று. திருவிதாங்கூரில், வயது வந்த எல்லோருக்கும் வாக்கு கொடுத்து, 120 பேர் கொண்ட பிரதிநிதி சபைக்கு 1948 பிப்ரவரியில் தேர்தலே நடந்தது. இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கு மூன்று வருஷத்துக்கும் மேல் முன்னால். அதில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழ்ப் பகுதியில் 14 இடங்களைப் பிடித்தது. குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த கதைக்கு அங்கேதான் பிள்ளையார் சுழி. நம் டெல்டாவை ஒட்டியிருந்த புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தச் சிரமம் எதையும் வைத்துக்கொள்ளாமல் 1948 மார்ச் 3-ல் திருச்சி ஜில்லாவோடு கலந்துவிட்டது.

மற்ற இடங்களிலும் வேகம் அடங்கியது. 1949 மே மாதம் சமஸ்தானங்களின் பிரதமர்களை அழைத்துப் பேசினார்கள். தனித்தனியாக எதற்கு, எல்லாவற்றையும் ஒரே புத்தகத்தில் போட்டுவிடலாம் என்றார்கள். சரி என்றார்கள். மாநிலங்களுக்கான அரசமைப்பு என்பது தேசத்தின் அரசமைப்பில் ஓர் அத்தியாயமாக ஒடுங்கியது. இன்று தமிழ்நாட்டின் அரசமைப்பு எங்கே என்று கேட்டால் அந்தப் புத்தகத்தின் ஆறாம் பாகத்தைத்தான் காட்ட வேண்டும்.

சரி என்று சொல்லாத ஒரே இடம் காஷ்மீர். 1949 அக்டோபர் 17 அன்று, பிறகு 370 என்று எண் மாறிய 306-ஏ பிரிவைச் சபையில் கொண்டுவந்தவர் கோபாலசாமி ஐயங்கார். பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்தவர். 1937 முதல் 1943 வரை காஷ்மீர் மகாராஜாவிடம் பிரதமராக இருந்தவர். ஏன் இந்தப் பாரபட்சம் என்று மௌலானா ஹஸ்ரத் மோகானி எழுந்து கேட்டார். காஷ்மீரின் நிலைமை அப்படி, அதன் ஒரு பகுதி எதிரி கையில், விவகாரம் ஐ.நா.வில் என்று ஐயங்கார் பதில் சொன்னார். டெல்லிக்கும் காஷ்மீருக்கும் உள்ள உறவை அந்த மாநிலத்தின் அரசமைப்பு நிர்ணய சபையே முடிவு செய்யும் என்பதுதான் அந்தப் பிரிவின் உயிர்நாடி. காவிரிக் கரையில் பிறந்த மனிதர் ஜீலம் கரைக்காரர்களுக்கு எழுதிக்கொடுத்த சலுகை.

1951-ல் அங்கே தேர்தல். வாக்குரிமை எல்லோருக்கும், அந்த வகையில் டெல்லி சபையைவிட உசத்தி. ஆனால் 75 இடங்களில் 75-ம் ஷேக் அப்துல்லாவின் தேசிய மாநாட்டுக் கட்சிக்கு. அநேகமாக எங்குமே போட்டியில்லை. ஜம்முவின் பிரஜா பரிஷத் ஆட்களின் வேட்புமனுக்கள் பல தள்ளுபடியாக, அந்தக் கட்சி தேர்தலையே புறக்கணித்தது. ஒரே கட்சி மட்டும் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் யார் யாரோடு விவாதிப்பது?

அந்தச் சபைக்கு ஒரு வரவையும் எழுத வேண்டும். 1950-ல் அப்துல்லா அரசு நிலத்துக்கு இருபத்திரண்டே முக்கால் ஏக்கர் உச்சவரம்பு வைத்தது. எடுத்த நிலத்துக்கு நஷ்டஈடு கிடையாது என்று 1952 மார்ச்சில் சபை தீர்மானித்தது. தனக்கென்று ஓர் அரசமைப்புச் சபை இருந்ததால்தான் அது முடிந்தது. சொத்துரிமைப் பிரிவைக் காட்டி நீதிமன்றத்துக்கு ஓட வழியில்லை. அதே 1952-ல் நம் தஞ்சாவூரில் என்ன நடந்தது? பண்ணையாளை நினைத்தபோது வெளியேற்ற முடியாது, குத்தகைதாரருக்கு இவ்வளவு பங்கு என்று ராஜாஜி அரசு ஓர் அவசரச் சட்டம் போட்டது. மிராசுதார்கள் அதற்கே துள்ளிக் குதித்தார்கள். அங்கே நிலமே கைமாறியது, இங்கே வாரம் மாறியது. மாநில அரசமைப்பு என்றால் கொடியும் பாட்டும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பிறகு நடந்தது தெரிந்ததுதான். 1953 ஆகஸ்டில் அப்துல்லா பதவி பறிக்கப்பட்டுச் சிறையில். தலைவர் சிறையில் இருக்க, அவர் கூட்டிய சபை வேலையைத் தொடர்ந்தது; 1956 நவம்பர் 17-ல் அரசமைப்பை நிறைவேற்றிவிட்டுக் கலைந்தது. அறுபத்து மூன்று வருஷம் கழித்து, 2019 ஆகஸ்டில், 370-ஐ நீக்க அந்தச் சபையின் பரிந்துரை வேண்டுமே என்ற சிக்கல் வந்தது. கலைந்துபோன சபையை எங்கே தேடுவது? 'அரசமைப்பு நிர்ணய சபை' என்று இருக்கிற இடத்தில் 'சட்டமன்றம்' என்று படித்துக்கொள்ளுங்கள் என்றது ஓர் உத்தரவு. அப்போது சட்டமன்றமும் இல்லை, கலைக்கப்பட்டிருந்தது. சட்டமன்றத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் பேசிக்கொண்டது. சொல்லை இப்படி மாற்றிக்கொண்டது சரியில்லை, ஆனால் சபை கலைந்த பிறகும் குடியரசுத் தலைவருக்கு நீக்கும் அதிகாரம் உண்டு என்று 2023 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தியாவில் ஒரு மாநிலம் தனக்கென எழுதி முடித்த ஒரே அரசமைப்பின் கதை அப்படி முடிந்தது.

கோடியக்கரைக்கு எதிர்க்கரை

கோடியக்கரை கலங்கரை விளக்கத்திலிருந்து தென்கிழக்கே பார்த்தால் கடல்தான் தெரியும். அந்தக் கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணக் குடாநாடு. கள்ளத்தோணிக் காலத்திலிருந்து அகதிகள் வந்து இறங்கிய காலம் வரை இந்தக் கரைக்கு அந்தக் கரை அந்நியமாக இருந்ததே இல்லை. அங்கேயும் ஒரு சபை கூடியது.

இலங்கையின் 1970 தேர்தலில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் கூட்டணி 151 இடங்களில் 116-ஐ வென்றது. வெள்ளைக்காரன் கொடுத்த அரசமைப்பு வேண்டாம், நாமே எழுதுவோம் என்று, ஜெயித்து வந்த உறுப்பினர்களே 1970 ஜூலை 19 அன்று கொழும்பு நவரங்கஹலவில் அரசியல் நிர்ணய சபையாகக் கூடினார்கள். அந்நிய ஆட்சியின் சட்டத்திலிருந்து விடுபட்டதாக இருக்க வேண்டும் என்பதற்காக நாடாளுமன்றக் கட்டடத்தையே தவிர்த்து ஓர் அரங்கத்தில் கூடினார்கள். அந்த நுணுக்கமெல்லாம் சரியாகத்தான் செய்தார்கள். வயது வந்தோர் வாக்குரிமையும் 1931 முதலே உண்டு. இந்தியச் சபையிடம் இல்லாத தகுதி எல்லாம் இருந்தது.

செல்வநாயகத்தின் தமிழரசுக் கட்சி உள்ளே போனது. போகாமல் இருந்திருக்கலாம், போனது. கூட்டாட்சி கேட்டு முழு வரைவு ஒன்றைக் கொடுத்தது. ஒற்றையாட்சி என்று அடிப்படைத் தீர்மானம் நிறைவேறியது. மொழியில் சிங்களம் மட்டும் என்பது அசையவில்லை. 1971 ஜூன் கடைசியில் தமிழரசுக் கட்சி வெளியேறியது. எழுதும் பொறுப்பில் இருந்த அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா; 1956-ல், ஒரு மொழி என்றால் இரண்டு நாடாகும், இரண்டு மொழி என்றால் ஒரு நாடாக இருக்கும் என்று எச்சரித்த அதே இடதுசாரி. 1972 மே 22-ல் அரசமைப்பு வந்தது. சிறுபான்மையினருக்கு எதிராகச் சட்டம் செய்யக் கூடாது என்று பழைய அரசமைப்பில் இருந்த 29-வது பிரிவு புதியதில் காணாமல் போயிருந்தது.

1972 அக்டோபரில் செல்வநாயகம் காங்கேசன்துறை இடத்தைத் துறந்தார். என் மக்கள் இதை ஏற்கிறார்களா, வாக்கு வைத்துப் பார் என்றார். அந்த இடைத்தேர்தலை வைக்க அரசுக்கு இரண்டு வருஷத்துக்கும் மேல் ஆனது. 1975 பிப்ரவரி 6-ல் வைத்தார்கள், பெருவாரியாக அவரே வென்றார். அடுத்த வருஷம் தனிநாடு கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம். மீதியைக் கோடியக்கரைக்காரர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.

இங்கே என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். டெல்லி சபை அரைகுறைத் தேர்தலில் வந்தது, ஆனாலும் அது எழுதியது நிற்கிறது. ஸ்ரீநகர், கொழும்பு சபைகள் வயது வந்தோர் வாக்குரிமையில் வந்தவை, எழுதியவை நிற்கவில்லை. கொழும்புக்காரர்களே 1978-ல் தங்கள் புத்தகத்தைத் தூக்கிப்போட்டு வேறு எழுதினார்கள். இதை வைத்துத் தேர்தலே வேண்டாம் என்று யாராவது கிளம்பினால் அது விதண்டாவாதம். தேர்தல் இல்லாததற்கான விலையைத்தான் 1957-ல் சிறைக்குப் போனவர்கள் கொடுத்தார்கள். நான் பார்க்கிறது வேறு: சபையில் எண்ணிக்கையால் தோற்றுப்போகிறவன் கடைசி நாள் வரை நாற்காலியை விட்டு எழாமல் இருக்க அங்கே ஏதாவது காரணம் வைத்திருந்தார்களா? சந்தானத்துக்கு அது இருந்தது. செல்வநாயகத்துக்கு இல்லை. ஜம்முக்காரருக்கு நாற்காலியே கிடைக்கவில்லை. நேபாளத்தில் 601 பேர் சபை 2008-ல் கூடி, நாலு வருஷம் பேசிக் கலைந்து, இன்னொரு சபை தேர்ந்தெடுத்து 2015-ல் எழுதி முடித்தபோதும் தெற்குச் சமவெளி மதேசிகள் வெளியேதான் நின்றிருந்தார்கள். மை காய்வதற்குள் எல்லைச் சாலைகள் மறிக்கப்பட்டன.

எழுதுகிற சபையும் ஆளுகிற சபையும் ஒன்றாக இருக்கலாமா என்பது இதற்குள்ளேயே இருக்கும் இன்னொரு கேள்வி. இதை முதலில் அழுத்திக் கேட்டது ஒரு சின்ன ஊர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள கன்கார்ட். 1776 அக்டோபரில் ஊர்க்கூட்டம் போட்டு, சட்டமன்றமே அரசமைப்பை எழுதினால் நாளைக்கு அதுவே மாற்றியும் கொள்ளும், அப்புறம் அதில் என்ன காவல் என்று தீர்மானம் போட்டார்கள். கேட்காமல் சட்டமன்றம் எழுதிய வரைவை 1778-ல் ஊர் ஊராகக் கூடித் தள்ளினார்கள். மறு வருஷம் இதற்கென்றே தனியாக ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜான் ஆடம்ஸ் எழுதினார். ஊர்களுக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கினார்கள். 1780-ல் வந்த அந்த மாநில அரசமைப்பு இன்றும் நடப்பில் இருக்கிறது. கொழும்பில் ஒரே ஆட்கள், காலையில் அரசாங்கம், மாலையில் அரசமைப்பு.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு அவ்வப்போது கிளம்பி அடங்கும். 1969-ல் மு. கருணாநிதி மத்திய-மாநில உறவை ஆராய ராஜமன்னார் குழுவை அமைத்தார். அவர் பிறந்த திருக்குவளை வேதாரண்யம் இருக்கிற அதே நாகப்பட்டினம் மாவட்டம்தான். 1971-ல் அறிக்கை, 1974 ஏப்ரலில் மாநில சுயாட்சித் தீர்மானம். 2025 ஏப்ரல் 15-ல் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் 110-வது விதியின் கீழ் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் இன்னொரு குழுவை அறிவித்தார். நல்லதுதான், ஆனால் நீதிபதியும் நிபுணர்களும் எழுதும் அறிக்கை ஒன்று, ஊரார் தேர்ந்தெடுத்த சபை எழுதுவது இன்னொன்று. மாநிலத்துக்கு அதிகாரம் கேட்கிறபோது மாநிலத்துக்குள்ளே யாரைக் கேட்டு எழுதுவது என்ற கேள்வியை நம் கட்சிகள் எதுவும் இதுவரை விரும்பித் தொட்டதாகத் தெரியவில்லை. சந்தானம் 1947-ல் சொன்ன கையேந்தல் மட்டும் எல்லா மேடையிலும் இருக்கிறது, அவர் பெயர் இல்லாமல்.

வருஷா வருஷம் ஏப்ரல் 30-ல் திருச்சியிலிருந்து யாத்திரை வருகிறார்கள். அகஸ்தியன்பள்ளி ஸ்தூபிக்கு மாலை, தேசபக்திப் பாட்டு, ஆளுக்கு ஒரு பிடி உப்பு, போட்டோ. பக்கத்திலேயே உப்பு ஏற்றிய லாரி வழி கிடைக்கக் காத்துக்கொண்டு நிற்கும்.

நான் போன அன்று யாத்திரை இல்லை. கரையில் உட்கார்ந்து செல்போனில் அந்த மூன்று வரியை எடுத்து அம்மாளுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். ஆறு, கடல், உப்பு. அவர் பலகையை ஊன்றி நின்று கேட்டார்.

"இவ்ளோதானா?"

"இவ்வளவுதாம்மா."

"குத்தகை எவ்ளோன்னு அதுல போட்டுருக்கா?"

"இல்லை. அதெல்லாம் இதில் வராது."

"அப்பச் சரி" என்று மறுபடி பாத்திக்குள் இறங்கினார்.